அக்கா வீட்டுக்குப் போன கொடுவாத் தலை

பிடித்த மீனுக்கு முத்தம் கொடுத்துத் திரும்பத் தண்ணீரிலேயே விட்டுவிட்டுப் போகிற மனிதர்களை நம்பித்தான் சில வருஷமாக என் வீட்டில் உலை கொதிக்கிறது. சிரிப்பதாக இருந்தால் இப்போதே சிரித்துவிடுங்கள். ஊரில் எல்லாரும் சிரித்து முடித்துவிட்டார்கள்.

எங்கள் ஊர் பழவேற்காடு முகத்துவாரத்துக்கு வடக்கே, ஒரு பக்கம் கடலும் ஒரு பக்கம் ஏரியுமாக நீண்டு கிடக்கிற மணல் மேட்டில் இருக்கிறது. கார்த்திகை மழை ஓய்ந்து முகத்துவாரம் நன்றாகத் திறந்துகொண்டதும் சென்னையிலிருந்து போன் வர ஆரம்பிக்கும். மார்கழியிலும் தையிலும் ஏரிக்குள்ளேயும் முகத்துவாரத்திலும் கொடுவா மீனுக்கு வருவார்கள். மாசி பிறந்து கடல் அடங்கினால் கரை கண்ணுக்குத் தெரியாத தூரம் வரைக்கும் வஞ்சரத்துக்கும் பாறை மீனுக்கும் போவோம். ஒருத்தர் கொண்டுவருகிற தூண்டில் ராடும் ரீலும் என் இன்ஜினைவிட விலை அதிகம். ஃபைபர் படகு என்னுடையது, டீசல் என்னுடையது, வாந்தி மட்டும் அவர்களுடையது.

கடலுக்குப் புறப்படுகிறவனைப் பார்த்து எங்கே போகிறாய் என்று எங்கள் பக்கத்தில் யாரும் கேட்க மாட்டார்கள். கேட்டால் போன காரியம் விளங்காது. தூண்டில் பார்ட்டிக்காரர்கள் அதை மட்டும்தான் கேட்பார்கள். "அண்ணா, நாளைக்கு எங்க போறோம்? லொகேஷன் அனுப்புங்க" என்பார்கள். நான் "தண்ணிக்குத்தான் சார்" என்று சொல்லி போனை வைத்துவிடுவேன். முரட்டு ஆள் என்று அவர்களுக்குள் பேசிக்கொள்வார்களாம். இருந்தாலும் வருகிறார்கள். முரட்டு ஆளுக்குத்தான் மீன் இருக்கிற இடம் தெரியும் என்று அவர்களுக்கு ஒரு நம்பிக்கை.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும். முகத்துவாரத்துக்கு உள்ளே நீரோட்டம் வளைகிற இடத்தில் ஊருக்குப் பொதுவான ஒரு மீன்பிடி இடம் உண்டு. நினைத்தவன் நினைத்த நாளில் அங்கே வலை போட முடியாது. வருஷத்துக்கு ஒரு தடவை அம்மன் கோயில் வாசலில் சீட்டுக் குலுக்கி, யாருக்கு எந்த நாள் என்று முறை வைப்போம். அந்த முறைக்குப் பாடு என்று பெயர். உன் பாடு நாளில் அந்தத் தண்ணீருக்கு நீ ராஜா. மற்ற நாளில் அந்தப் பக்கம் உன் படகு நிழல்கூட விழக் கூடாது. அடுத்தவன் பாடு நாளில் மீன் எடுத்தால் நோட்டிலிருந்து பெயரை அடித்துவிடுவார்கள். திரும்ப எப்போது எழுதுவார்கள் என்பதற்கு விதி எதுவும் கிடையாது. அந்த நோட்டில் பெயர் இருக்கிறவன்தான் ஊர்க்காரன். நைனா செத்த பிறகு அவர் பெயருக்குக் கீழே என் பெயரை எழுதின அன்றைக்கு நான் எண்ணெய் வைத்துத் தலை சீவினேன். என் கல்யாணத்துக்குக்கூட அவ்வளவு படியச் சீவவில்லை. அப்படிப் பெயரை இழந்த ஒருத்தர் இப்போது மீஞ்சூரில் ஒரு கம்பெனி வாசலில் வாட்ச்மேனாக உட்கார்ந்திருக்கிறார். கடல் இருக்கிற கிழக்குப் பக்கம் முதுகைக் காட்டித்தான் நாற்காலியைப் போட்டுக்கொள்வாராம்.

அடுத்து என் மாமாவைச் சொல்ல வேண்டும். என் அக்காவின் புருஷன். என் அளவுக்குக் கோபக்காரர் ஊரில் உண்டென்றால் அவர் ஒருத்தர்தான். எனக்குக் கோபம் வந்தால் கத்துவேன். அவருக்குக் கோபம் வந்தால் வாயை மூடிக்கொள்வார். முதல் தூண்டில் பார்ட்டியை நான் படகில் ஏற்றின அதே வாரம், ஒரு காதுகுத்துப் பந்தியில் எனக்கு எதிர் இலையில் உட்கார்ந்தார். "புடிச்ச மீன வுட்டுட்டு வர்றதுக்கு ஒரு போட்டு, ஒரு இன்ஜினு. கொக்குகூட செய்யாது மச்சான் இந்த வேலைய" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். பந்தியே சிரித்தது. எனக்கு இலையில் என்ன இருந்தது என்றே தெரியவில்லை.

"போட்டையே புடிச்சி வெக்கத் தெரியாம தண்ணில வுட்டுட்டு வந்தவரு பேசறீங்களா மாமா?" என்றேன்.

அதற்கு முந்தின புயலில் அவர் படகு முகத்துவாரத்தில் கவிழ்ந்து துண்டு துண்டாகப் போயிருந்தது. அவர் உயிரோடு கரையேறினதே பெரிய விஷயம். பந்தியில் ஒருத்தரும் சிரிக்கவில்லை. மாமா பாதிச் சோற்றோடு இலையை மூடிவிட்டு எழுந்தார். அதற்குப் பிறகு மூன்று வருஷம் அவர் என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. நானும் போய்ப் பேசவில்லை. என் மேல்தான் தப்பு என்று அன்றைக்கே தெரியும். தெரிந்ததால்தான் போகவில்லை.

பேச்சு நின்றதே தவிர மீன் தலை நிற்கவில்லை. எங்கள் வீட்டில் பெரிய மீன் அறுத்தால் தலை அக்காவுக்கு. அவளைக் கட்டிக்கொடுத்த நாளிலிருந்து அப்படித்தான். என் மனைவி குண்டானில் வைத்து எடுத்துக்கொண்டு போவாள், அக்கா வாங்கிக்கொள்வாள், மாமா வலையைத் தைத்துக்கொண்டு வேறு பக்கம் பார்ப்பார். "அவரு சாப்புடறாரா?" என்று ஒரு தடவை மனைவியிடம் கேட்டேன். "தட்டுல முள்ளுகூட மிச்சம் இல்லியாம்" என்றாள்.

போன மார்கழிக் கடைசியில் ஒரு பல் டாக்டரும் அவருடைய சிநேகிதரும் விடிந்ததும் வந்து இறங்கினார்கள். அன்றைக்கு வாடைக்காற்று பிய்த்துக்கொண்டு அடித்தது. முகத்துவாரத்தில் அலை வெள்ளை வெள்ளையாக உடைந்துகொண்டிருந்தது. கடலுக்குப் போகிற பேச்சே இல்லை என்று சொன்னேன். நான் படகுக் கயிற்றை அவிழ்ப்பதற்கு முன்னாலேயே சிநேகிதர் வாந்தி எடுத்துவிட்டார். டாக்டர் விடவில்லை. "அண்ணா, ஆறு மாசமா பேஷண்ட் வாயவே பார்த்துட்டு இருக்கேன். ஒரு மணி நேரம். எங்கயாவது அலை இல்லாத இடத்துல நிறுத்துங்க" என்றார். சின்னப் பிள்ளை மாதிரி முகத்தை வைத்துக்கொண்டார். அலை இல்லாத இடம் எனக்கு ஒன்றுதான் தெரியும்.

அன்றைக்கு யார் பாடு என்று எனக்குத் தெரியாது என்று சொன்னால் நாக்கு அழுகிப் போகும். வளைவில் தண்ணீரில் நட்டிருந்த கழிகளில் அன்றைய பாடுகாரரின் அடையாளமாக நீல லுங்கித் துணி கட்டியிருந்தது. அந்த லுங்கியை மாமா கட்டிக்கொண்டு நடந்ததை நான் பார்த்திருக்கிறேன். நீர் வற்ற ஆரம்பித்த பிறகுதான் அவர் வலை கட்ட வருவார். அன்றைக்கு அதற்கு மத்தியானம் தாண்டிவிடும். நான் எனக்குள்ளேயே வக்கீல் வைத்து வாதாடினேன். ராடு என்ன வலையா? இவர்கள் மீனை எடுத்துக்கொண்டா போகப் போகிறார்கள்? விட்டுவிடப் போகிற மீனுக்கு யார் என்னைக் கேட்பது? வாதம் நன்றாக இருந்தது. கழிக்கு இருபது கை தூரத்தில் நங்கூரம் போட்டேன்.

டாக்டர் தூண்டில் முனையில் கட்டின பொம்மை மீனை மூன்றாவது தடவை வீசினபோது கொடுவா கவ்வியது. அப்படி ஒரு இழுப்பை நான் அந்த வருஷம் பார்க்கவில்லை. இருபது நிமிஷம் அது அவரை இழுத்தது, அவர் அதை இழுத்தார், சிநேகிதர் நடுவில் ஒரு தடவை எழுந்து கைதட்டிவிட்டுத் திரும்பக் குனிந்துகொண்டார். தூக்கி நிறுத்துப் பார்த்தால் பன்னிரண்டு கிலோ. "செவுள் மூடி கிட்ட கை வெக்காதீங்க சார், பிளேடு மாரி அறுத்துடும்" என்று கத்தினேன். டாக்டர் பழக்கதோஷத்தில் அதன் வாயைத் திறந்து உள்ளே பார்த்தார். பிறகு போட்டோ. இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று, மடியில் வைத்து ஒன்று, தொப்பி இல்லாமல் ஒன்று. மீன் மூச்சுக்குத் தவித்துக்கொண்டிருக்கிறது, இவர்களுக்கு வெளிச்சம் சரியில்லை. "சார், வுடறதா இருந்தா ஜல்தியா வுடுங்க" என்றேன். வீடியோ முடிந்த பிறகுதான் விட்டார்கள். டாக்டர் அதன் நெற்றியில் முத்தம் கொடுத்து, "போடா கண்ணா, பெருசாகி வா" என்று சொல்லித் தண்ணீரில் விட்டார். அது மெதுவாக இறங்கிப் போனது. அவர் கண் கலங்கியிருந்தது. உண்மையாகவே கலங்கியிருந்தது, அதை நான் கிண்டல் செய்ய மாட்டேன்.

அவர்களைப் பழவேற்காட்டில் இறக்கிவிட்டு நாஸ்தா முடித்துவிட்டுத் தனியாகத் திரும்பி வந்தேன். வளைவில், நீலத் துணி கட்டின கழிக்குப் பக்கத்தில், கொடுவா வயிறு மேலே தெரிய மிதந்துகொண்டிருந்தது. மேலே ஒரு பருந்து சுற்றிக்கொண்டிருந்தது. இன்ஜினை நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டே நின்றேன். வாயில் வரக் கூடாத வார்த்தையெல்லாம் டாக்டரைச் சொன்னேன். பன்னிரண்டு கிலோ மீனைப் பருந்துக்கும் நண்டுக்கும் விட்டுவிட்டுப் போக என் கைக்கு முடியவில்லை. குனிந்து தூக்கி, கோணிப்பையைப் போட்டு மூடினேன்.

வீட்டில் மனைவி மீனைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"எங்கய்யா கெடச்சிது?"

"தண்ணில."

"இன்னிக்கு யாரு பாடு?"

"செத்து மெதந்ததுக்கு இன்னா பாடு? கம்முனு கத்திய எடு."

நானேதான் வெட்டினேன். தலையை அனுப்புவதென்றால் செவுளைப் பிடுங்கி எறிந்துவிட்டு, மூடியின் ஓரத்தைக் கத்தியால் மழுக்கித்தான் அனுப்புவேன். அன்றைக்கு அதற்கெல்லாம் நேரம் இல்லை. யாராவது வருவதற்குள் முடித்துவிட வேண்டும் என்று அப்படியே குண்டானில் போட்டு மூடி, "அக்காகிட்ட குடுத்துட்டு வா" என்றேன். அவள் கிளம்பிப் போய்விட்டாள்.

அவள் போய்ப் பத்து நிமிஷம் கழித்துத்தான் எனக்கு உறைத்தது. யாருடைய தண்ணீரில் மீன் எடுத்தேனோ அவர் வீட்டுக்கே அதன் தலையைக் கொடுத்தனுப்பியிருக்கிறேன். உலகத்தில் எந்தத் திருடனாவது இப்படிச் செய்வானா? பெரிய மீன், தலை அக்காவுக்கு. கை பாட்டுக்குக் கை செய்துவிட்டது. மனைவி வந்ததும் வாசலிலேயே மறித்து, "மாமா இருந்தாரா?" என்று கேட்டேன்.

"இருந்தாரு. மூடியத் தொறந்து பார்த்தாரு. மூடிட்டாரு."

"இன்னா சொன்னாரு?"

"அவரு எப்ப இன்னா சொல்லியிருக்காரு?"

இரண்டு நாள் ஒன்றும் நடக்கவில்லை. மூன்றாம் நாள் டாக்டர் வீடியோவைப் போட்டார். அன்றைக்குச் சாயங்காலத்துக்குள் ஊரில் போன் வைத்திருக்கிற எல்லாரும் பார்த்துவிட்டார்கள். படத்தில் டாக்டர் இருந்தார், மீன் இருந்தது, பின்னால் கலங்கரை விளக்கம் இருந்தது. எல்லாவற்றையும்விடப் பளிச்சென்று மாமாவின் லுங்கி இருந்தது. ஞாயிற்றுக்கிழமை கூட்டம், யாரும் தொழிலுக்குப் போகக் கூடாது என்று ஊரில் சொல்லிவிட்டார்கள். கூட்டத்துக்கு இருந்த நான்கு நாளும் நான் சரியாகச் சாப்பிடவில்லை. யாரைப் பார்த்தாலும் எரிந்து விழுந்தேன். பயம் எனக்குக் கோபமாகத்தான் வரும்.

கூட்டம் அம்மன் கோயில் முன்னால். ஊர்த் தலைவர் மடியில் அந்த நோட்டு இருந்தது. மாமா ஓரமாக உட்கார்ந்து மணலைக் கிளறிக்கொண்டிருந்தார். பெண்கள் நின்றிருந்த பக்கம் என் மனைவி இருந்தாள், அவளுக்குப் பக்கத்தில் அக்கா. அக்கா வலதுகையில் துணி சுற்றியிருந்தாள். அரிவாள்மணை பட்டுவிட்டதாக ஊரெல்லாம் சொல்லியிருந்தாள்.

ராடு என்பது வலையா இல்லையா என்பதில் முதல் அரை மணி நேரம் போனது. ஒரு பெரியவர் என் படகிலிருந்து டாக்டர் மறந்துவிட்டுப் போன பொம்மை மீனைக் கொண்டுவரச் சொல்லி, அதில் தொங்குகிற முள்ளை எண்ணினார். மூன்று கொத்து, கொத்துக்கு மூன்று முள். "ஒம்போது முள்ளு. இத்த வெளையாட்டு சாமான்னு எவன் சொன்னது?" என்றார்.

"புடிக்கலயே, வுட்டுட்டாங்களே" என்றேன்.

"வுட்டதுக்கா உனக்கு வாடக குடுத்தாங்க?"

"வுடறதுக்குத்தான் குடுக்கறாங்க. நான் இன்னா செய்யட்டும்?"

எல்லாரும் சிரித்தார்கள். தலைவரும் சிரித்தார். அவருக்கு என் பெயரை எடுப்பதில் ஆசை ஒன்றும் இல்லை என்று அப்போதுதான் புரிந்தது. தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னார். மீன் தண்ணீருக்கே திரும்பிப் போயிருந்தால் அது விளையாட்டு, இனிமேல் செய்யாதே என்று சொல்லி அனுப்பிவிடலாம். மீன் படகில் ஏறிக் கரைக்கு வந்திருந்தால் அது திருட்டு, பெயர் நோட்டில் இருக்காது. "வீடியோல வுட்டதத்தான் ஊரே பார்த்துச்சே. ஒரு சூடத்த ஏத்தி, அந்த மீனு என் போட்ல கரைக்கு வர்லனு சொல்லிட்டு வூட்டுக்குப் போ" என்றார்.

அவ்வளவுதான். ஒரே ஒரு வாக்கியம். தட்டில் சூடத்தை வைத்து என் முன்னால் நீட்டினார்கள். என் மனைவி தரையைப் பார்த்தாள். நான் மாமாவைப் பார்த்தேன். அந்த மீனின் தலையைத் தின்ற மனிதர் என் எதிரில் உட்கார்ந்து மணலைக் கிளறிக்கொண்டிருக்கிறார். அவர் வாயைத் திறக்க மாட்டார், மூன்று வருஷமாகத் திறக்கவில்லை. ஆனால் அம்மன் இருக்கிறாள். நாளைக்கு இதே முகத்துவாரத்தைத் தாண்டித்தான் நான் கடலுக்குப் போக வேண்டும். பொய்ச் சத்தியம் செய்துவிட்டு அந்த அலைக்குள் படகை விட எனக்குத் தைரியம் இல்லை. நல்லவன் என்று நினைத்துவிடாதீர்கள். பயந்தேன்.

"சூடத்த ஏத்தாதீங்க. மீனு வந்துச்சி" என்றேன். "செத்து மெதந்துச்சி, எடுத்துக்குனு வந்தேன், வெட்டித் துன்னோம். இன்னா இப்ப? பேர எடுக்கணும்னா எடுங்க." கத்திச் சொல்லவேண்டும் என்றுதான் ஆரம்பித்தேன். பாதியில் மாறி, நைனா பெயருக்குக் கீழே இருக்கிற பெயரை எடுத்துவிடாதீர்கள் என்று கெஞ்சுகிற மாதிரி முடிந்தது.

தலைவர் நோட்டைப் பிரித்து, பேனா மூடியைக் கழற்றினார்.

"தலைவரே" என்றது மாமாவின் குரல். "பாடுகாரன் பங்கு வந்துடுச்சி."

"இன்னா பங்கு?"

"தல."

"எப்ப?"

"அன்னிக்கே. மத்தியானம்."

"எங்க புடிச்சதுனு தெரிஞ்சா வாங்கின?"

"பன்னெண்டு கிலோ கொடுவா. எந்தத் தண்ணில வளர்ந்துச்சினு தெரியாம இருக்க நான் இன்னா மெட்ராஸ் பல் டாக்டரா?" கூட்டம் சிரித்து அடங்குகிற வரைக்கும் காத்திருந்தார். "பங்கு வாங்கித் துன்னுட்டேன். அப்பறம் இன்னா திருட்டு? அது கூட்டுத் தொழிலு. மூடு பேனாவ."

தலைவர் மூடினார். நான் அப்படியே மணலில் உட்கார்ந்தேன். ஒன்பது முள் எண்ணின பெரியவருக்கு மட்டும் திருப்தி இல்லை. அவருக்காக அங்கேயே ஒரு சட்டம் போட்டார்கள். ராடும் வலைதான். பார்ட்டியை வளைவுக்குக் கூட்டிப் போவதானால் அன்றைய பாடுகாரரைக் கேட்டுவிட்டுத்தான் போக வேண்டும். பிடிக்கிற மீனில் ஒன்றின் தலை அவர் வீட்டுக்குப் போக வேண்டும்.

அதனால் இப்போது என் படகில் வருகிறவர்கள் எல்லா மீனையும் விட்டுவிட முடியாது. ஒன்றைக் கட்டாயம் கொல்ல வேண்டும். டாக்டர் திரும்ப வந்தபோது அவர் மீன் செத்துப்போனதையும் நாங்கள் தின்றதையும் சொன்னேன். கையிலிருந்த ராடைக் கீழே வைத்தார். பிறகு, "நல்லா இருந்துச்சாண்ணா?" என்று கேட்டார். நன்றாக இருந்தது என்று சொன்னேன். இப்போதெல்லாம் இரண்டு போட்டோவுக்கு மேல் எடுப்பதில்லை.

அன்றைக்குக் கூட்டம் கலைந்ததும் மாமா எனக்கு முன்னால் வீட்டுப் பக்கம் நடந்தார். பின்னாலேயே போனேன். கத்துவதற்கு மட்டும்தான் என் வாய்க்குப் பழக்கம்.

"மாமா, அன்னிக்குப் பந்தில நான் சொன்னது தப்பு மாமா" என்றேன்.

அவர் திரும்பவில்லை. நாலு எட்டு நடந்தார். நின்றார்.

"தல அனுப்பும்போது செவுள எடுத்துட்டு அனுப்பு மச்சான்" என்றார். "உங்க அக்காவுக்கு நாலு தையலு."

சொல்லிவிட்டுப் போய்விட்டார். நான் அங்கேயே கருவாடு காய்ந்துகொண்டிருந்த இடத்துக்குப் பக்கத்தில் நின்று அழுதேன். ஒரு நாய் வந்து பார்த்துவிட்டுப் போனது.

இப்போது செவுளை நானே எடுக்கிறேன். மூடியின் ஓரத்தை மழுக்கி, என் விரலை இரண்டு தடவை ஓட்டிப் பார்த்த பிறகுதான் குண்டானை மூடுகிறேன்.